சும்மா

“ஏன் முன்கூட்டியே எச்சரிக்கலன்னு ஜட்ஜ் கேட்டா என்ன சொல்லப்போறீங்க?” என்று கேட்டபடி, கணவரின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள் மனைவி.

“உள்ளதைத்தான். வெள்ளம் வரும்னு எந்தக் கருவியும் உறுதியாக் காட்டல. சந்தேகத்துக்கெல்லாம் எச்சரிக்கை விட்டா ஊரே சிரிக்கும்,” என்றார் வானிலை விஞ்ஞானி. “தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?”

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துல, கெஞ்சினாலும் என்னை அம்மா வீட்டுக்கு விடாத மனுஷன் நீங்க. வெள்ளத்துக்கு முந்தின நாள் மட்டும், ‘சும்மா ரெண்டு நாள் பிள்ளைங்களோட இருந்துட்டு வா’ன்னு நீங்களே பஸ் ஏத்திவிட்டீங்க.”

அவர் தலை குனிந்தார்.

“வெள்ளம் அடிச்சுட்டுப் போன பக்கத்து வீட்டு அக்கா, அன்னைக்கு வாசல்ல நின்னு, ‘என்ன, திடீர்னு கிளம்பிட்டே?’ன்னு கேட்டாங்க. நானும் ‘சும்மாதான்க்கா’ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”