ஒரு சைஸ் சின்னது

கார் நடைவேகத்தில் ஊர்ந்தது. பக்கத்திலேயே அவள் நடந்து வந்தாள்.

ஓட்டுகிறவர் அவள் வீட்டுக்காரர். பேச்சுத்துணைக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்.

புத்தம்புது மின்சாரக் கார். பெரிய மனிதர்கள் வைத்திருப்பார்களே, அந்த ரகம். துளி சத்தம் இல்லை. தெருவில் அவளுடைய செருப்புச் சத்தம்தான் கேட்டது.

தள்ளுவண்டியில் கீரை விற்கிறவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, அக்காவோட சண்டைங்களா? ஏத்திக்கிட்டுப் போனா என்னங்க?"

"அவரோட இல்ல கண்ணு. எனக்கும் வண்டிக்கும்தான் சண்டை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் தெய்வானை. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தாள். போன வருஷம் முதுகுத்தண்டில் ஆபரேஷன்.

பெட்ரோல் வாடை அவளுக்கு ஆகாது. அதற்காகவே இந்தக் காரை வாங்கினார்.

ஷோரூமிலிருந்து வீடு வரைக்கும் வந்தாள். அதோடு சரி.

"ரோட்டுல அடிச்சிருக்கிற வெள்ளைக்கோடுகூட என் முதுகுக்குத் தெரியுதுங்க. நீங்க போய்ட்டு வாங்க."

கல்யாணம், காதுகுத்து, எல்லாவற்றுக்கும் தனியாகப் போய் வந்தார். பக்கத்து சீட்டில் தாம்பூலப் பை உட்கார்ந்து வந்தது. திருப்பத்தில் தேங்காய் உருண்டு விழும். எடுத்து மறுபடி உட்கார வைப்பார்.

இன்றைக்கும் சரிவரவில்லை என்றால் வண்டியை விற்றுவிடுவது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

ஹனீபா பாயின் கடை பெருந்துறை ரோட்டில். வண்டிகளுக்கு விதவிதமாய்ச் சக்கரம் மாற்றுகிற கடை. பாய் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"பெருசு வேணும், இன்னும் பெருசு வேணும்னுதான் சார் இங்க வருவாங்க. சின்னது கேட்டு வந்தது நீங்க ஒருத்தருதான். இந்த வண்டிய டிசைன் பண்ணவன் பார்த்தா அழுதுருவான்."

"அழுவட்டும் பாய்."

விஷயம் இவ்வளவுதான். நடுவில் இருக்கிற உலோகம் சிறுத்தால், சுற்றியிருக்கிற ரப்பர் தடிக்கும். ரப்பர் தடித்தால் உள்ளே காற்று அதிகம். குலுக்கலை அந்தக் காற்று வாங்கிக்கொள்ளும்.

ஆனால் உள்ளே பிரேக் இருக்கிறதே. பெரிய சக்கரத்துக்கென்று செய்த பெரிய பிரேக். சின்னது அதன்மேல் உரசாமல் சுற்றுமா?

மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வண்டிக்கு வயிறெல்லாம் பேட்டரி. ஜாக்கியைக் கண்ட இடத்தில் கொடுக்க முடியாது. பாய் தரையில் மல்லாந்து படுத்து இடம் பார்த்தார். ரப்பர் கட்டை வைத்துத் தூக்கினார்.

முன்பக்கம் பழையது கழன்றது. புதியது ஏறியது.

கையால் சுற்றிவிட்டார்.

சர்க்.

சர்க்.

சர்க்.

 வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தெய்வானை சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"போகுது விடுங்க. நடந்தா எனக்கும் நல்லதுன்னு டாக்டரே சொன்னாரில்ல."

"சித்த இருங்கம்மா," என்றார் பாய்.

சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவினார். எடை சரி பார்க்க ஒட்டுவார்களே, ஈயப் பட்டை. அதன் ஓரம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

பட்டையை உரித்தார். வேறிடத்தில் தள்ளி ஒட்டினார். மறுபடி எடை பார்த்தார். மாட்டினார்.

சுற்றினார்.

மூன்று பேரும் காதைக் கொடுத்தார்கள்.

ரோட்டில் ஒரு லாரி போனது. எங்கோ குக்கர் விசிலடித்தது. சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவர் பாயைக் கட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் கறுப்பாய் விழுந்தன.

"ஐயோ, யாரு துவைக்கிறது?" என்றாள் தெய்வானை. அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

மற்ற மூன்றும் மளமளவென்று ஏறின.

பாய் கடையில் ஒரு வழக்கம். சக்கரம் யாருடையதாக இருந்தாலும் பழம் அவருடையது. பக்கத்துப் பெட்டிக்கடையில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார். தானே குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாக முன்னால் வைத்தார்.

தெய்வானை முன்சீட்டில் ஏறினாள். முதுகுக்குத் தலையணை. கதவுக்கு மேலிருக்கிற கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"பழத்துமேல ஏத்தறப்ப ஒரு வார்த்த சொல்லுங்க. மூச்சப் புடிச்சுக்கறேன்."

"சரி."

அவர் காலை மெதுவாக அழுத்தினார்.

கடை வாசல் போனது. சிமெண்டுச் சரிவு போனது. பள்ளிக்கூடத்து வேகத்தடை போனது.

ரோட்டில் வரிசையாக வெள்ளைக்கோடுகள் வந்தன. அவையும் போயின.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிடித்துக்கொள்ளத் தயாராக மூச்சை வைத்திருந்தாள்.

"ஏனுங்க, பழம் இன்னும் வரலீங்களா?"

அவர் கண்ணாடியில் பார்த்தார். வெகு தூரத்தில் பாய் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் சப்பையாக நாலு மஞ்சள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் தெய்வான," என்றார்.