ஆறரைக் கோடி வயது விரல்

"என் சுண்டு விரலுக்கு ஆறரைக் கோடி வயசு. மியூசியத்துல ராஜா மாதிரி படுத்திருக்கு" என்றார் ஓலுஃப், நாலே விரல் இருந்த இடது கையால் காபிக் கோப்பையைத் தூக்கியபடி.

ஊர்க்கூடத்தில் சனிக்கிழமைக் காபிக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். முப்பது வருடமாக இதே புளுகு. வெளியே நிற்கும் சுண்ணாம்புக் குன்றுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

வெர்னர் மட்டும் சிரிக்கவில்லை. "மீன் வெட்டுற மெஷின்ல போன விரல்டா அது. வயசானா எல்லாருக்கும் மறதி வரும். உனக்குப் புளுகு வருது."

வெர்னர் சொன்னால் ஊர் நம்பும். முப்பது வருடம் முன்பு, குன்றடியில் ஆறரைக் கோடி வருடமாகப் புதைந்திருந்த ராட்சதக் கடல்பல்லியின் தாடையைக் கல்லோடு பெயர்த்து அரசிடம் ஒப்படைத்தவர். டென்மார்க்கிலேயே உடையாமல் கிடைத்த ஒரே முழுத் தாடை. நாளை அதைக் காட்சிக்கு வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் அவர் பெயர் மட்டும் இருக்கும்.

"தனியாவாடா எடுத்த?" ஓலுஃப் கண்ணடித்தார். "அடியில கை கொடுத்தது யாரு?"

"உங்க தாத்தா."

மறுபடி சிரிப்பு. கிரிங்கில் ரொட்டித் தட்டு இன்னொரு சுற்று வந்தது.

அப்போதுதான் மியூசியத்துப் பெண் சிக்னே உள்ளே வந்தாள். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி.

"வெர்னர், ஒரு சந்தேகம். இத்தனை வருஷமா கிடங்குல கிடந்த உங்க கல்லை இப்பதான் முழுசா சுத்தம் பண்ணினோம். தாடைக்கு அடியில விரிசல்ல இது சிக்கியிருந்துச்சு."

திறந்தாள். பஞ்சின் மேல் மூன்று குட்டி எலும்புகள்.

"இது பல்லியோடது இல்ல. மனுஷ விரல்."

ஓலுஃப் தன் நாலு விரல் கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன்னப் பாத்து எத்தனை நாளாச்சுடா செல்லம்" என்று எலும்பைக் கொஞ்சிவிட்டு நிமிர்ந்தார். "வெர்னர், முப்பது வருஷமா ஊரே என்னைப் புளுகன்னுது. பேரெல்லாம் நீயே வெச்சுக்கோ. நடந்துதுன்னு ஒரு தடவை சொல்லிடு, போதும்."

வெர்னர் கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"நடந்துது" என்றார். "பாறை சரிஞ்சு, அவன் விரல் தாடைக்கு அடியில மாட்டிக்கிச்சு. காத்துல கடல் வேற ஏறி வந்துட்டிருந்துது. உளியால ஒரே அடி அடிச்சிருந்தா தாடை உடைஞ்சிருக்கும், விரல் வெளிய வந்திருக்கும்."

வெர்னர் அட்டைப் பெட்டியை மூடினார்.

"நான் உளியை விரல் மேல வெச்சேன்."