முழு வேகத்தில் நிற்கிற எஞ்சின்

"ஊசிய இன்னும் கொஞ்சம் இறுக்குங்க மச்சான். இப்ப வேகம் எடுக்கும்" என்றான் மக்கீன்.

எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஊசியை மீராமுகைதீன் இறுக்கினார். முற்றத்துப் பலகையில் பூட்டியிருந்த அந்தச் சின்ன எஞ்சின் காது கிழியக் கத்தியது. விசிறி கண்ணுக்குத் தெரியாமல் சுழன்றது. பிறகு டப்பென்று நின்றுவிட்டது.

"மறுகாவும் நிண்டுட்டு" என்று மக்கீன் தலையில் கை வைத்தான்.

மீராமுகைதீன் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்குப் பெருநாள்.

மக்கீன் அவருடைய மனைவி ஜுனைதாவின் தம்பி. எஞ்சின் ஒரு விளையாட்டு விமானத்தினுடையது. இங்கினியாகலை வேலைத்தளத்துத் துரை அதை மக்கீனிடம் கொடுத்து, சனிக்கிழமை கல்முனைக்கு வருவதாகவும், அதைப் பறக்கவிட்டுக் காட்டுகிறவனுக்கு வேலைத்தளத்தில் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்த வேலைக்குத்தான் மீராமுகைதீன் முன்பு நடையாய் நடந்தார். கிடைக்கவில்லை. நாவிதன்வெளி நெல் மில்லின் பெரிய எஞ்சினையே கட்டி மேய்க்கிற தனக்குக் கிடைக்காதது, நேற்று மீசை முளைத்த மச்சினனுக்கா? நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

எஞ்சின் வந்த முதல் நாள் மக்கீன் வீட்டில் அது ஒரு குறையுமில்லாமல் ஓடியது. மீராமுகைதீன் நின்று பார்த்தார். நல்லா ஓடுதென்று வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஜுனைதா பொரித்து வைத்த மீனைத் தொடாமலே படுத்துவிட்டார்.

மக்கீனின் மனைவி பரீனா மசக்கைக்காரி. ஸ்பிரிட்டும் ஆமணக்கெண்ணெயும் கலந்த அந்த எரிபொருளின் மணம் அவளுக்குக் குமட்டியது. அதனால் சாமான்கள் எல்லாம் அவனுடைய ராத்தா ஜுனைதாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எரிபொருள் இருந்த கபில நிற மருந்துப் போத்தலை ஜுனைதா அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். தம்பி வரும்போதெல்லாம் அவளே எடுத்துக் கொடுப்பாள்.

அங்கே வந்த பிறகுதான் இந்தக் கோளாறு. மெதுவாக விட்டால் ஓடும். ஊசியை இறுக்கி முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் செத்துப் போகும்.

மீராமுகைதீன் வயிற்றெரிச்சல்காரர்தான். ஆனால் தொழிலில் மோசம் செய்கிறவர் இல்லை. பற்றரியில் வைத்துச் சூடாக்குகிற பிளக்கை மாற்றினார். ரப்பர்க் குழாயை ஊதிப் பார்த்தார். ஊசி இருக்கும் துவாரத்துக்குள் மெல்லிய கம்பியை விட்டுத் துப்புரவாக்கினார். எரிபொருளில் சந்தேகம் வந்து, பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தும் வைத்தார். மறுநாள் அதை ஊற்றி ஓட்டினால் பழைய கதைதான். அது நிற்க நிற்க அவருக்குக் குளிர்ந்த சர்பத் குடித்த மாதிரி இருந்தது.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படப்படாது" என்று ஜுனைதா பெருமூச்சு விட்டாள்.

"இரும்புக்கு என்ன கண்ணூறு? மடக் கதை கதைக்காத" என்று அவர் அவள் வாயை அடைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த மக்கீன், விமானத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தான்.

"என்னால ஏலா மச்சான். நாளைக்கு நீங்களே துரைக்குக் காட்டுங்க. வேல உங்களுக்குக் கிடைச்சாலும் ராத்தாட ஊட்டுக்குத்தானே வரும்."

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. அதுவும் மீராமுகைதீனுக்குப் பிடிக்கவில்லை. தன்னால் இப்படி ஒன்றைத் தூக்கிக் கொடுக்க முடியாதென்று தெரிந்ததில் இன்னும் கொஞ்சம் எரிந்தது. ஆனாலும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று மாலையே எரிபொருளை மறுபடி புதிதாகக் கலந்தார். கலந்த கையோடு ஊற்றி ஓட்டினார். எஞ்சின் முழு வேகத்தில் நிற்காமல் ஓடியது. அவரே நிறுத்தும்வரை ஓடியது.

"என்ட கைக்கு வந்த உடன ஓடுது, பாத்தயா" என்றார் மனைவியிடம்.

ஜுனைதாவுக்கும் பூரிப்புத் தாங்கவில்லை. மிச்ச எரிபொருளை வாங்கிப் பத்திரமாக அலுமாரியில் வைத்தாள். காலையில் அவளே போத்தலை எடுத்து, பிஸ்மி சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

கடற்கரை வெளியில் ஊரே கூடி நின்றது. துரைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மக்கீன் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, மீராமுகைதீன் ஊசியை இறுக்கினார். எஞ்சின் கத்தத் தொடங்கியது. துரை ஆவலோடு எழுந்து வந்தார். டப்பென்று நின்றது.

மறுபடி ஓட்டினார். மறுபடி நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எத்தனை தரம் ஓட்டியும் அதே சாவுதான். கடைசியில் துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்கு வந்த மீராமுகைதீன் போத்தலை ஜுனைதாவின் முன்னால் தொம்மென்று வைத்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒருத்தன் இவ்வளவு பெரிய வேலையைச் சும்மா விட்டுக் கொடுப்பானா?

"உன்ட தம்பிக்கு வாய் மட்டுந்தான் தேன். பக்கத்தில நிண்டு பாத்துக்கிட்டே இருந்தான். அவன்ட கண்ணு பட்டுத்தான் நிண்டது" என்றார்.

"அப்பிடி இரிக்க ஏலா" என்றாள் ஜுனைதா, உறுதியாக. "பள்ளி லெவ்வைட்ட ஓதி எடுத்த தண்ணிய நான் எந்த நாளும் இந்தப் போத்தலுக்குள்ள ஊத்தித்தானே தாறன். இவ்வளவு நாளும் உங்கட கண்ணுக்கு ஊத்தினன். இண்டைக்குத் தம்பிட கண்ணுக்கும் சேத்துக் கொஞ்சம் கூடவே ஊத்தினன்."