தோளில் இருக்கும் கை

“அண்ணா, இந்தக் கைய அழிச்சிரவா?”

ஜெஸ்ஸி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிளக்ஸ் கடையில் டிசைன் செய்கிற பெண். தினம் எத்தனை சாவுக்கு எழுத்துக் கோக்கிறாளோ, குரலில் ஒரு சுணக்கமும் இல்லை.

திரையில் முகேஷ்குமார் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். ஓரத்தில் ஒரு குத்துவிளக்கும் இரண்டு புறாக்களும். அவனுக்குப் புறா என்றால் வறுவல்தான். உயிரோடு இருந்திருந்தால் இந்த பிளக்ஸைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

பழனியில் நாங்கள் இருவரும் ஒன்றாக நின்று எடுத்த படம் அது. ஜெஸ்ஸி என்னை வெட்டி எடுத்துவிட்டாள். என் வலது கை மட்டும் அவன் தோளில் அப்படியே கிடந்தது.

“அழிச்சிருங்க,” என்றேன்.

பக்கத்து நாற்காலியில் மகேஸ்வரி அம்மா இருந்தார். முகேஷைப் பெற்றவர். படம் என் போனில்தான் இருக்கிறது என்று தெரிந்து, கடைக்கு வரச் சொல்லி அவரே கூப்பிட்டிருந்தார். இந்த ஒரு வருடமும் அவர் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருந்தவன் நான். அவர்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். இந்த முறை என்ன சாக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

கன்னிவாடியிலிருந்து இங்கே வர மூன்று பஸ் மாறினேன். நேர் பஸ் இல்லாமல் இல்லை. ஏறிய பஸ் எதையாவது முந்தினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். கண்டக்டர்களுக்கு என்னைப் பழகிவிட்டது. டிக்கெட்டைக் கிழிக்கும்போதே, எங்கே இறங்குவேனோ என்று ஒரு பார்வை பார்க்கிறார்கள்.

அந்தக் கை என் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வீட்டில் ஸ்பூனால் சாப்பிடுகிறேன். எலும்பெல்லாம் நன்றாகக் கூடிவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அப்புறம் ஏன் சோற்றில் கை வைத்தால் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன என்று கேட்டேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு பர்ஸிலேயே இருக்கிறது. போனால், இந்தக் கை என்ன செய்தது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

முகேஷ் பைக் ஓட்டும்போது பின்னால் இருப்பவன் கத்தினாலும் அவன் காதில் ஏறாது. அதனால் பள்ளிக்கூட நாளிலேயே கண்டக்டர் விசிலின் கணக்கை நாங்கள் எடுத்துக்கொண்டோம். தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ.

அன்று பட்டப்பகல். கன்னிவாடி ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. நான் அவன் தோளில் தட்டினேன். எதிரே டிப்பர் லாரி வந்தது.

நான் கண் விழிக்க நான்கு நாள் ஆனது. முகேஷ் இரண்டாம் நாளே போய்விட்டிருந்தான். நான் தட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அழிக்காவிட்டால், அந்தக் கையும் சேர்ந்த எட்டடி பிளக்ஸை எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் கட்டிவிடுவார்கள்.

ஜெஸ்ஸி மவுஸை நகர்த்தினாள். தோளில் ஒரு விரல் மறைந்தது.

“செத்த பொறும்மா. அந்தக் கை இருக்கட்டும்,” என்றார் மகேஸ்வரி அம்மா.

என் பக்கம் திரும்பி, பாக்கெட்டிலிருந்து என் கையை வெளியே எடுத்தார். களை பிடுங்கிக் காய்த்துப்போன இரண்டு கைகளுக்குள் அதை வைத்துக்கொண்டார்.

“தாசு, ஆஸ்பத்திரியில முகேஷ் எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான்யா போனான். ஒரு தட்டு தட்டுனியாம்ல, நிறுத்துடான்னு. நாந்தாம்மா கேக்காமப் போயிட்டேன்னு அழுதான். அம்புட்டுத்தான் பேசுனான். நீ எதுக்குய்யா இந்தக் கைய ஒளிச்சு வச்சுக்கிட்டுத் திரியுற?”



ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நேர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகலாம். சோற்றைப் பிசைந்து சாப்பிடலாம். இந்த அம்மா வீட்டுக்கும் போய் வரலாம். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நான் தலையாட்டவில்லை.

மடங்கியிருந்த விரல்களில் ஒன்றை மட்டும் நீட்டி, அவர் உள்ளங்கையில் தட்டினேன். ஒன்று.

பிறகு இன்னொன்று.

அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கணக்கு அவருக்கும் தெரியும். முகேஷ் அவரிடம் சொன்னது ஒரு தட்டு. நான் தட்டியது இரண்டு.

மெதுவாக என் கையை விட்டார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் முந்தானை முகத்திலேயே இருந்தது.

ஜெஸ்ஸி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவும் புரியாமல், அழித்த விரலைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

“கைய அழிச்சிரவாம்மா, இருக்கட்டுமா?”

மகேஸ்வரி அம்மா முந்தானையை இறக்கினார்.

“வேணாம். அந்தக் கை வேணும்னுதான் அவன் அப்பிடி மாத்திச் சொல்லிட்டுப் போயிருக்கான்.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.