பாதி ஆட்டம்

“இருபது ரூபாயா? போன வருசம் பத்துதானய்யா! ஜாஸ்தியா இல்ல?”

கடலூர் கால்பந்துப் போட்டி வாசலில் பக்கிரி வழக்கம்போல் கத்தினார்.

“டிக்கெட் இருந்தா உள்ள போ. இல்லன்னா வீட்டுல போயி இருபது ஓவர் கிரிக்கெட் பாரு,” என்றார் கேட்டில் நின்ற லூர்துசாமி.

பக்கிரி முனகிக்கொண்டே ஒரு டிக்கெட் வாங்கினார்.

கிளப் செயலாளர் கதிரவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. குறிஞ்சிப்பாடி அணியோடு அரை இறுதி. ஐந்நூறு பேர் உட்காரும் இடத்தில் எண்பது பேர். மிச்ச ஊரெல்லாம் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய படுதாவுக்கு வெளியே, வேப்பமரத்தில். போதாக்குறைக்கு, போன ஆட்டத்தில் டிக்கெட் இல்லையென்று கதிரவனின் மச்சானையே லூர்துசாமி திருப்பி அனுப்பியிருந்தார். மூன்று நாளாக வீட்டில் குழம்பில் உப்பில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல் இந்தப் பக்கிரி. இடைவேளையில் வெளியே டீ குடிக்கப் போகிறவர்களுக்கு, திரும்பி வர ஒரு மஞ்சள் சீட்டு கொடுப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பக்கிரி சீட்டு வாங்கிக்கொண்டு போவார். ஆள் திரும்பி வருவதில்லை. சீட்டு மட்டும் கேட் பெட்டிக்கு வந்துவிடும்.

‘அப்போ அந்தச் சீட்டுல உள்ள வர்றது யாரு?’

அன்று இடைவேளையில் கதிரவன் கேட்டுக்கு வெளியே மறைந்து நின்றார்.

பக்கிரி வந்தார். சீட்டை லூர்துசாமியின் கையில் திணித்தார்.

“கேட்டுலயே திருட்டா?” பாய்ந்தார் கதிரவன். “நாங்க ஆளு வரலையேன்னு அடிச்சிக்கிறோம். நீங்க ரெண்டு பேரும் இங்க சீட்டு வியாபாரம் பண்றீங்களா? யாருக்கு விக்கிறீங்க?”

“விக்கிறதா? நல்லா கேட்டீங்க போங்க!” பக்கிரி சீறினார். “நம்ம கோல்கீப்பர் பையன் யாரு? இவரு மவன். படுதாவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இவரு என்னாத்தப் பாக்கிறது? அதான் பாதி ஆட்டம் நான், மீதி இவரு. இவரு பாக்கிற நேரம் கேட்டுல நான் நிக்கிறேன். ஆளுக்கொரு டிக்கெட் வாங்கலாம்னா நீங்கதான் இருபது ரூபா ஆக்கிட்டீங்களே!”

கதிரவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

“லூர்துசாமி, நீங்க கேட்டுக்காரரு. உங்களுக்கு எதுக்குங்க சீட்டு? பேசாம உள்ள போக வேண்டியதுதானே?”

உள்ளே விசில் ஊதியது. லூர்துசாமி மஞ்சள் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் படுதாவை விலக்கினார்.

“உங்க மச்சானையே நிறுத்தினவன் சார் நான்.”