கனவில் கேட்ட சம்மதம்

குரூசின் கணையக் கட்டியைச் சிறு துளைகள் வழியே அகற்றும்போது ரத்தம் பெருகியது. வயிற்றைத் திறக்க வேண்டுமானால், மயக்கத்தில் இருப்பவரின் கனவுக்குள் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது புதிய சிகிச்சை நெறிமுறை. டாக்டர், குரூசின் மனைவி மெர்லினை அனுப்பினார்.

கனவில் கடல் அசையாமல் கிடந்தது. குரூஸ் தோணியில் மல்லாந்து மேகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வயித்தத் தொறக்கணுமாம். சரியா?"

"வலிக்குமா?"

"முழிச்சதும் ரொம்ப வலிக்கும். தொறக்கலன்னா முழிக்கவே மாட்டீங்க."

"இங்க நல்லாருக்கு மெர்லின். நீயும் இரேன்."

அவளுக்கும் இருந்துவிடத்தான் தோன்றியது. "நீங்க வீட்டுக்கு வரணும்" என்றாள்.

"அப்ப சரி."

மூன்றாம் நாள் நீண்ட தையலைத் தடவியபடி குரூஸ் கேட்டார்: "இதுக்கு நானா சரின்னு சொன்னேன்?"

"ஆமா."

அவருக்கு எதுவும் நினைவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்து உட்கார அவள் தோளைப் பற்றினார்.