தலை ஆட்டாத ரோபோ

நாடகத்தைக் கெடுத்தது மரியதாசன்தான். அதில் அந்த மன்னார்க் குறிச்சியில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

வாசிகசாலைத் திறப்பு விழாவுக்காக அந்த நாடகத்தை எழுதியவள் துசாந்தினி. விஞ்ஞான ரீச்சர். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு தாய் தகப்பனோடு மன்னாருக்கு வந்தவள். அவளை 'இந்தியாக்காரி' என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் இருந்தார்கள். நாடகம் நன்றாக அமைந்தால் அந்தப் பெயர் போய்விடும் என்று நம்பினாள்.

கதை ஐம்பது வருடங்களுக்குப் பிந்திய மன்னாரில் நடக்கிறது. ஒரு வீட்டில் சமைக்கவும் கூட்டவும் ஒரு ரோபோ. வீட்டில் எல்லாருடைய இரகசியமும் அதற்குத் தெரியும். பொரித்த மீனைக் களவாகத் தின்றது யார், கிணற்றடியில் நின்று போனில் குசுகுசுப்பது யாரோடு, எல்லாமே. ஆனால் அதற்கு வாய் இல்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டும்.

கடைசியில் வீட்டுக்காரியின் சங்கிலி காணாமல் போகிறது. வீட்டு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ரோபோ ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று பார்க்கும். கள்ளன் முன்னால் வந்ததும் தலையை ஆட்டும். அத்தோடு திரை.

கள்ளனாக நடித்தவர் வாசிகசாலைத் தலைவர் ரொபின்சன்.

முகம் தெரியாத ரோபோ வேடம் ஒருவருக்கும் வேண்டாம். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கும் மரியதாசனைப் போய்க் கேட்டாள் துசாந்தினி. அவரோடு குறிச்சி ஆட்கள் அவ்வளவாகப் பழகுவதில்லை. சண்டைக் காலத்தில் ஆமி பிடித்துக்கொண்டு போய், கனகாலம் கழித்து விட்ட ஆள். ஏன் விட்டார்கள் என்று அவர் சொன்னதில்லை. ஊர் தனக்குள் ஒரு பதிலை வைத்திருந்தது.

"அவர் வீட்டிலையும் ரோபோதானே. பழக்கத் தேவையில்லை," என்றார் ரொபின்சன்.

எல்லாரும் சிரித்தார்கள். மரியதாசனும் சிரித்தார். ஒரு காரியத்துக்கு அவரைக் கூப்பிட்டதே அவருக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். ஒத்திகைக்கு எப்போதும் முதல் ஆளாக வந்தார். பிஸ்கட் பெட்டிகளில் வெள்ளித்தாள் ஒட்டி உடம்பு. தலைக்கும் ஒரு பெட்டி. அதற்குள் அவர் தலையை ஆட்டுகிற விதத்துக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

விழா அன்று காலையில் வந்து பார்த்தால் உடம்பு கிடந்தது, தலை இல்லை. தெருக் கழுதை தின்றுவிட்டுப் போயிருந்தது.

துசாந்தினி தேத்தண்ணிக் கடைச் சிவலட்சுமியிடம் ஓடினாள். சிவலட்சுமி ஒரு சாக்கை வெட்டித் தைத்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டுக் கொடுத்தாள்.

மரியதாசன் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"வேறை பெட்டி ஒண்டு எடுக்கேலாதே, ரீச்சர்?"

"நேரமில்லண்ணா."

போட்டுக்கொண்டார்.

ரோபோ மேடைக்கு வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் பக்கம் சத்தமே இல்லை. ஒருவர் எழுந்து வெளியே போனார். ஏன் என்று துசாந்தினிக்கு விளங்கவில்லை.

கடைசிக் காட்சி. ரோபோ ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து ரொபின்சன் முன்னால் நின்றது. நின்றபடியே நின்றது. வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைத் தேய்த்தது. தலை ஆடவில்லை.

"ஆட்டுமன்," என்று பல்லுக்குள் சொன்னார் ரொபின்சன்.

ஆடவில்லை. திரையை இழுத்து மூட வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் வாசிகசாலையில் கூட்டம். பக்கத்து ஊரான வங்காலையின் கோயில் திருநாளுக்கும் அதே நாடகத்தைக் கேட்டிருந்தார்கள். ரோபோவுக்கு வேறு ஆளைப் போடுவதா என்பதுதான் பேச்சு. கூச்சம் என்றார்கள், வேண்டுமென்றே செய்தது என்றார்கள். மரியதாசன் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

துசாந்தினிக்கோ கோபத்தைவிட அறிகிற ஆவல்தான் அதிகம். அவரிடம் போனாள்.

"ஒத்திகையில நல்லாத்தானே ஆட்டினீங்க. என்னாச்சுண்ணா?"

"பெட்டி எண்டால் ஆட்டியிருப்பன், ரீச்சர்."



"இவ்வளவு சனத்துக்கு முன்னாலை வெக்கப்பட்டது போதும்," என்றார் ரொபின்சன். "ஒரு தலையை ஆட்டத் தெரியாத மனுசன். ஆளை மாத்துறதுக்குச் சம்மதமான ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

கைகள் உயரத் தொடங்கின. தேத்தண்ணி கொண்டுவந்த சிவலட்சுமி தட்டத்தை மேசையில் வைத்தாள்.

"பிழை என்னிலை. தைக்கேக்கை நான் யோசிக்கேல்லை," என்றாள். பிறகு துசாந்தினியிடம் திரும்பினாள். "உமக்குத் தெரியாது, பிள்ளை. அப்ப ஆமி சுற்றிவளைப்பு நடத்தினால் ஆம்பிளையளைத் திடலிலை வரிசையா விடுவாங்கள். பிடிச்சு வைச்சிருக்கிற ஒருத்தனுக்குச் சாக்கைப் போட்டு, ஒவ்வொருத்தருக்கு முன்னாலையும் கொண்டுவந்து நிப்பாட்டுவாங்கள். சாக்கு ஆருக்குத் தலையை ஆட்டுதோ, அவன் வீட்டை வரமாட்டான்."

உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. மரியதாசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா நடந்த சுற்றிவளைப்பிலை பொம்பிளையள் நாங்கள் வேலிக்கு இஞ்சாலை நிண்டு பாத்தனாங்கள். சாக்கு ஒருத்தருக்கும் ஆடேல்லை. ஆமிக்காரங்கள் துவக்குப் பிடியாலை அடிச்சாங்கள், அப்பவும் ஆடேல்லை. வலது காலாலை இடது காலைத் தேய்ச்சுக்கொண்டு நிண்டுது. அண்டைக்கு எல்லா ஆம்பிளையளும் வீட்டை வந்தவை. சாக்குக்குள்ளை இருந்தது ஆரெண்டு நேற்றுத்தான் கண்டனான்."

அவள் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றை எடுத்துக் கடைசி வாங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அங்கிருந்தே சொன்னாள்:

"வரிசையிலை என்ரை மனுசனுக்குப் பக்கத்திலை நீங்கள் நிண்டனீங்கள், ரொபின்சன் அண்ணை."